வெக்கைக்குள் ஒற்றைக்கண்ணாடி: வாங்கலாமா, வேண்டாமா?

ஒரு கண்ணில் மட்டும் இடுக்கிக்கொள்ளும் வட்டக் கண்ணாடியான மொனொக்கிள், யாழ்ப்பாணத்துக் கண்ணாடிக் கடைகளில் அடுக்கி வைத்து விற்கிற சாமான் இல்லை. இணையத்தில் எடுப்பிக்க வேண்டும், அல்லது லண்டனில் இருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விசாரிக்காமல் எடுப்பித்தால் பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் பவரே இல்லாத வெறும் தட்டைக் கண்ணாடி, அல்லது முகத்தில் நிற்கவே நிற்காத ஒரு வளையம். சரியான வகையைக் கேட்டு எடுத்து, வில்லையை இங்கேயே வெட்டிப் போட்டால், வெள்ளெழுத்து வந்தவருக்கு இது பிரயோசனமான பொருள்தான். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காலரி (முகத்தில் தொட்டு நிற்கும் பின்பக்க உலோக விளிம்பு) வைத்த வளையம், பிளாஸ்ரிக் வில்லை, கழுத்தில் தொங்கும் நாடா. மற்ற வகைகளை வினோத உடைப் போட்டிக்கு விட்டுவிடலாம்.

சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது, சுற்றிவர ஒரு மெல்லிய கம்பி வளையமும் அதற்குள் வில்லையும் மட்டும் கொண்டது. மலிவு. ஆனால் புருவ எலும்பு முன்தள்ளி, கண் நன்றாகக் குழிந்திருக்கும் முகத்தில்தான் இது நிற்கும். எங்கள் ஆட்களில் பலருக்குக் கண்குழி அவ்வளவு ஆழமில்லை. வளையம் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு வரும், இமை மயிர் வில்லையில் முட்டும், கண்ணை ஒருமுறை வெட்டினால் வில்லை முழுக்க எண்ணெய்க் கோடு. இரண்டாவது, வளையமே இல்லாமல் வில்லையின் விளிம்பிலேயே நாணயத்தில் இருப்பது போலப் பல்லுப் பல்லாக வெட்டியது. பார்வைக்கு மிக வடிவு. ஆனால் அந்தப் பல்லை வழக்கமான கண்ணாடிக் கடை மெஷினில் வெட்ட முடியாது, எனவே பவர் மாறினால் முழுவதையும் புதிதாக வாங்க வேண்டும். மேலும், அந்த அளவும் உங்கள் கண்குழியும் மில்லிமீற்றர் பிசகாமல் பொருந்த வேண்டும்.

மூன்றாவதுதான் காலரி வகை. வளையத்தின் மேலேயும் கீழேயும் பின்பக்கமாக ஒரு உலோக விளிம்பு துருத்தி நிற்கும். முகத்தில் தொடுவது அந்த விளிம்பு. வில்லை அதற்குச் சில மில்லிமீற்றர் முன்னால் நிற்கும். இமை மயிர் முட்டாது, பக்கவாட்டில் காற்றுப் போகும், கண்குழி ஆழமில்லாதவருக்கும் பிடிப்புக் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக் காலநிலைக்கு இந்தக் காற்றோட்டம் ஒன்றே போதும் மற்ற இரண்டையும் தள்ளிவைக்க. வாங்கும்போது வளையத்தில் திருகாணி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். திருகாணியைக் கழற்றினால் வளையம் விரிந்து, பழைய வில்லையை எடுத்துப் புதியதைப் போடலாம். ஒட்டி அடைத்த வளையம் என்றால் வில்லை கீறுப்பட்ட அன்றோடு சரி.

அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஆட்கள் அதிகம் பிழைவிடுகிற இடமும் அதுவே. விற்கிற வட்டங்கள் பெரும்பாலும் 37 முதல் 42 மில்லிமீற்றர் விட்டத்துக்குள் இருக்கும். கண்ணளவில் ஊகிக்க வேண்டாம். தடித்த மட்டை ஒன்றில் கவராயத்தால் 36 மில்லிமீற்றரில் தொடங்கி ஒவ்வொரு மில்லிமீற்றராகக் கூட்டி 42 வரை ஏழு வட்டம் கீறி வெட்டுங்கள் (ஆரை 18 இல் இருந்து 21 வரை, அரை அரையாக). விளிம்பை மண்கடதாசியால் தேய்த்துவிட்டு, கண்ணாடி முன் நின்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கீழ் விளிம்பு கன்ன எலும்புக்கு மேலே, கீழிமைக்குக் கீழுள்ள மடிப்பில் இருக்க வேண்டும். மேல் விளிம்பு புருவ எலும்புக்கு அடியில் செருக வேண்டும். உள்விளிம்பு மூக்கின் பக்கத்தில் மெல்லத் தொட வேண்டும். முகத்தைச் சுளிக்காமல் வட்டம் தானாக நின்றால் அதுதான் உங்கள் அளவு. சிறிதானால் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், கால் மணித்தியாலத்தில் புருவம் நோகும். பெரிதானால் கீழிமையை இழுத்துக் கண்ணீர் வரும். மட்டையில் காலரி இல்லை என்பதால், வளையத்தின் விட்டத்தோடு காலரியின் விளிம்பு விட்டத்தையும் விற்பவரிடம் கேட்டு எழுதி எடுங்கள். மட்டை வட்டத்தோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

அடுத்தது பவர். கண் பரிசோதித்துத் தரும் துண்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஸ்பியர் (வில்லை முழுவதற்குமான பவர்), சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் வேண்டிய பவர்), அக்ஸிஸ் (சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம்), அட் (வாசிப்புக்குக் கூட்டும் பவர்) என்று நான்கு இருக்கும். ஒற்றைக்கண்ணாடியின் பெரிய பலவீனம் சிலிண்டரில்தான் வெளிப்படும். மூக்குக்கண்ணாடியில் வில்லை சுழலாது. இதிலோ ஒவ்வொரு முறை வைக்கும்போதும் கொஞ்சம் திரும்பும். அக்ஸிஸ் 30 பாகை திரும்பிவிட்டால் சிலிண்டர் போட்ட பலன் முழுவதும் அடிபட்டுப் போகும். அதற்கு மேல் திரும்பினால் போடாமல் இருந்ததைவிட மோசம். ஆகவே சிலிண்டர் 0.75 க்குள் என்றால் அதை விட்டுவிட்டு, பாதியை ஸ்பியரோடு சேர்க்கச் சொல்லுங்கள். உதாரணமாக ஸ்பியர் +0.50, சிலிண்டர் −0.50, அட் +2.00 என்று துண்டில் இருந்தால், சிலிண்டரின் பாதி −0.25. ஸ்பியர் +0.25 ஆகிறது, அட் சேர்ந்து +2.25. வெட்ட வேண்டிய வில்லை அதுதான். சிலிண்டர் 1.50, 2.00 என்று இருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிட்டு நல்ல பிறேம் ஒன்று வாங்குவது புத்தி.

அட் கூடினால் எழுத்துப் பெரிதாகத் தெரியும் என்று சிலர் +3.00 கேட்டு நிற்பார்கள். வேண்டாம். தூரத்துக்கு நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு +2.00 என்றால் 50 சென்ரிமீற்றரில் தெளிவு, +2.50 என்றால் 40, +3.00 என்றால் 33. பஞ்சாங்கத்தையும் மருந்து மட்டையையும் யாரும் முகத்துக்கு நேரே 33 சென்ரிமீற்றரில் பிடித்து வாசிப்பதில்லை. கை இயல்பாக மடங்கி நிற்கும் தூரத்தை அளந்து, 100 ஐ அந்த சென்ரிமீற்றரால் பிரித்தால் வேண்டிய பவர் கிட்டத்தட்ட வந்துவிடும். அது சரியா என்பதைப் பத்திரிகையின் தலைப்பில் பார்க்காமல் மரண அறிவித்தல் பக்கத்தில் பாருங்கள். அங்கே மெய்யெழுத்துப் புள்ளியும் ன, ண சுழியும் பிரிந்து தெரிந்தால் பவர் சரி.

வில்லை எதில் வெட்டுவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 40 மில்லிமீற்றர் வட்டத்தில் +2.50 வில்லை சாதாரண பிளாஸ்ரிக்கில் (கடைகளில் சி.ஆர். 39 என்பார்கள்) 3 கிராமுக்குள் முடியும். அதையே கண்ணாடியில் வெட்டினால் 5 கிராமைத் தாண்டும். மூக்கிலும் இரண்டு காதிலும் பாரம் பகிரப்படும்போது 2 கிராம் ஒன்றுமில்லை. தோல் மடிப்பில் மட்டும் நிற்கும் பொருளுக்கு அதுதான் விழுவதற்கும் நிற்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம். போதாக்குறைக்கு இது விழத்தான் போகிறது. சிமெந்துத் தரையில் கண்ணாடி வில்லைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

வட்டமாக வெட்டுவது கடைக்காரருக்கு மிக இலகுவான வேலை. சுற்றிவர வி வடிவ விளிம்பு வைத்தால் வளையத்தின் பள்ளத்தில் இருந்துவிடும். ஆனால் வளையத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும், எண்ணை மட்டும் சொல்லி வெட்டுவித்தால் அரை மில்லிமீற்றர் ஆட்டம் வந்து வில்லை வளையத்துக்குள்ளேயே சுழலும். வில்லையின் ஒளி மையம் வட்டத்தின் நடுவில் இருக்கட்டும். 3 மில்லிமீற்றர் விலகினால் +2.50 இல் முக்கால் பிரிஸம் (காட்சியை ஒரு பக்கம் தள்ளும் விளைவு) வந்துவிடும். மற்றக் கண்ணையும் திறந்து வைத்துப் பார்ப்பவருக்கு அது தலையிடியாகத் தெரியும். இன்னொன்று: வில்லைகள் பெரும்பாலும் சோடியாகத்தான் வரும். இரண்டையும் ஒரே பவரில், ஒரே அளவில் வெட்டுவித்து ஒன்றைப் பெட்டியில் வையுங்கள்.

வளையத்தின் உலோகத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசமாட்டார்கள், நாங்கள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பொன்னிற முலாம் பூசிய பித்தளைதான் பெரும்பான்மை. வியர்வை படப் பட முலாம் கழன்று, உள்ளே பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். கன்ன மடிப்பில் பச்சைப் பிறை ஒன்று விழும். நிக்கல் கலந்த வெண்ணிற உலோகம் சிலருக்குச் சொறியைக் கிளப்பும், அதுவும் கண்ணுக்குக் கீழே, மிக மெல்லிய தோலில். கறைபடா உருக்கு நல்லது. அதைவிட நல்லது, கன்னாதிட்டிப் பக்கம் நம்பிக்கையான பத்தர் ஒருவரிடம் வெள்ளியில் செய்விப்பது. பழைய வட்ட மூக்குக்கண்ணாடி பிறேம் ஒன்றின் வளையத்தைத் திருகாணியோடு வெட்டி எடுத்துக் கொடுத்து, அதன் பின்பக்கம் மேலும் கீழும் வெள்ளித் தகட்டில் பிறை வடிவக் காலரி பற்றவைக்கச் சொல்லலாம். மோதிரத்துக்குக் கல் பதிக்கத் தெரிந்த கைக்கு இது சின்ன வேலை. நாடா கொழுவும் சிறு வளையத்தைக் காதுப் பக்கமாக, நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நடுக் கீழே வைத்தால் நாடா நேரே கன்னத்தில் உரசும். காலரியின் தோல் தொடும் விளிம்பு உருண்டையாக மினுக்கப்பட்டிருக்க வேண்டும். தகட்டை வெட்டியபடியே விட்டால் கோடு விழும். பற்றவைத்து, மினுக்கி, குளிர்ந்த பிறகே வில்லை உள்ளே போக வேண்டும். வில்லை இருக்கும்போது சூடு காட்டினால் பிளாஸ்ரிக் பழுதாகிவிடும்.

அணிவதற்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறுக்க வேண்டும் என்று நினைப்பது படம் பார்த்து வந்த பழக்கம். புருவத்தை உயர்த்திக் கண்ணை அகலத் திறவுங்கள். கீழ் விளிம்பைக் கன்ன மடிப்பில் வைத்துச் சற்று மேலே தள்ளுங்கள். பிறகு புருவத்தை இயல்பாக இறக்கி விடுங்கள். அவ்வளவுதான். கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையின் ஓய்வுநிலை இறுக்கமே பொருத்தமான அளவை நிறுத்திவிடும். ஆச்சரியப்பட்டுப் புருவம் தூக்கினால் விழும், அது குறையில்லை, கழற்றுகிற முறையே அதுதான். எந்தக் கண்ணுக்கு என்பது வேறு கேள்வி. இரண்டு கண்ணும் சமமான பவர் உள்ளவர், இரண்டு கைவிரல்களாலும் சிறு முக்கோண ஓட்டை ஒன்று செய்து தூரத்துப் பொருளை அதற்குள் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கலாம். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் நிற்கிறதோ, அதுதான் ஓங்கிய கண். அதைத் தூரத்துக்கு விட்டுவிட்டு, மற்றக் கண்ணில் வாசிப்பு வில்லையை வைத்தால், கடையில் ஆளையும் பார்த்துப் பில்லையும் வாசிக்கலாம். சிலருக்கு மூளை இதற்கு ஒத்துவராது. அவர்கள் ஓங்கிய கண்ணிலேயே வைக்கட்டும்.

இனி வெக்கை. சித்திரை, வைகாசியில் புருவத்தில் இருந்து இறங்கும் வியர்வையும் தலையெண்ணெயும் சேர்ந்தால் எந்தக் காலரியும் நிற்காது. வைப்பதற்கு முன் புருவத்தையும் கன்னத்தையும் லேஞ்சியால் ஒற்றினால் சில நிமிடம் உத்தரவாதம் உண்டு. மதிய வெயிலில் வெளியே நின்று பாவிப்பதை மறந்துவிடுங்கள். குளிரூட்டிய வங்கிக்குள் இருந்து வெளியே வந்ததும் வில்லை புகைந்துவிடும், அதற்கும் காலரியின் பக்க இடைவெளிதான் மருந்து. நெற்றியில் திருநீறு பூசியவருக்கு இன்னொரு தொல்லை: துகள் வில்லையில் விழும், அதை உலரத் துடைத்தால் பிளாஸ்ரிக்கில் கீறல் நிச்சயம். முதலில் தண்ணீர், பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, விரலால் மெதுவாக, மறுபடியும் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் இருந்து வருவது. தானாகக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் உறைந்துவிடும். உடனே மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சாரத்து நுனி கூடவே கூடாது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் கார் முன்தட்டிலும் வைத்தால் பூச்சு வெடித்துச் சிலந்திவலை போலாகும், அதைத் திருத்த வழியில்லை.

நாடாவுக்குக் கறுப்புப் பட்டு அழகு, ஆனால் வியர்வையில் சீக்கிரம் நைந்துபோகும். மெல்லிய பொலியெஸ்ரர் கயிறு போதும். வெளிநாட்டுப் படங்களில் அதைக் கோட்டுக் காலரில் கொழுவியிருப்பார்கள். இங்கே கோட்டுப் போடுகிறவர் நீதிமன்றத்திலும் கலியாண மண்டபத்திலும் தவிர எங்கே? சேர்ட் பொத்தானில் கட்டினாலும் நல்லூர்க் கோயில் வாசலில் சேர்ட் கழற்ற வேண்டும், கண்ணாடியும் அதோடு போய்விடும். கழுத்தில் மாலையாகப் போடுவதே சரி. நீளம், தொங்கும்போது வில்லை நெஞ்சுக்குழிக்கு மேலே நிற்கும் அளவு. அதற்குக் கீழே இறங்கினால் குனியும்போதெல்லாம் மேசை விளிம்பில் அடிபடும்.

தோரணைக்காக வாங்குகிறவர்களுக்கும் ஒரு பந்தி. 1720களில் உரோமாபுரியில் பிலிப் வொன் ஸ்ரொஷ் என்ற தொல்பொருள் ஆர்வலர், செதுக்கிய பழைய இரத்தினக் கற்களைக் கிட்டப் பார்ப்பதற்காக இதை அணிந்தார். வேலைக் கருவியாகத்தான் கதை தொடங்குகிறது, பெரிய மனிதத் தோரணை 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தோரணையின் உச்சம் ஜோசப் சேம்பர்லேன்: கோட்டில் ஓர்க்கிட் பூ, கண்ணில் வட்டக் கண்ணாடி. 1895 முதல் 1903 வரை பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சராக இலங்கையும் அவர் இலாகாவின் கீழ்தான் கிடந்தது. உபகண்டத்தில் இதை அடையாளமாக்கியவர் முகமது அலி ஜின்னா. ஜேர்மன் அதிகாரிகளிடம் போய் அது இராணுவ விறைப்பின் சின்னமாயிற்று. 1920 முதல் 1926 வரை படைத் தலைமையில் இருந்த ஹான்ஸ் வொன் சேக்ற்றின் படங்களைப் பார்த்தால் விளங்கும். அதே காலத்தை ஒட்டிப் பாரிஸில் பெண்களை நேசித்த பெண்கள் கூடிய இரவு விடுதி ஒன்றுக்கு லு மொனொக்கிள் என்றே பெயர்; ஆண்களின் அதிகாரச் சின்னத்தை அவர்கள் குறும்பாகத் தங்கள் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். பிறகு கேலிச்சித்திரக்காரர் கையில் விழுந்தது. 1916இல் ஒரு பள்ளிச் சிறுவன் வரைந்த கச்சான் உருவத்துக்கு ஓர் ஓவியர் உயரத் தொப்பியும் கைத்தடியும் ஒற்றைக்கண்ணாடியும் சேர்க்க, அதுவே அமெரிக்கக் கச்சான் நிறுவனமொன்றின் சின்னமானது. மொனொப்பொலி விளையாட்டுக் கிழவரும் ஒன்று அணிந்திருப்பதாகப் பலர் சத்தியம் பண்ணுவார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள், அவர் கண்ணில் ஒன்றுமில்லை. உண்மையாகவே பார்வைக்காக அணிந்து கடைசிவரை விடாதவர் வானியலாளர் பற்றிக் மூர். 1957 முதல் 2012இல் இறக்கும் வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் அதோடுதான் வந்தார். வினோத உடைக்கு வாங்குகிற பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைக்குக் கண்ணாடி வில்லை வேண்டாம், வெறும் வளையமே மேடைக்குப் போதும்.

இதன் உழைக்கிற தம்பி ஏற்கெனவே எங்கள் ஊரில் உண்டு. மணிக்கூடு திருத்துபவரும் பத்தரும் கண்ணில் செருகும் கறுப்புக் குவளை லென்ஸ். விலை குறைவு, நம்பகம் அதிகம். ஆனால் இதை வாசிப்புக்கு மாற்றாக வாங்க வேண்டாம். 10 மடங்கு லென்ஸ் என்றால் பொருள் 2.5 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். 5 மடங்கு என்றால் 5. நகையின் முத்திரை எண்ணைப் பார்க்க, ஊசியில் நூல் கோர்க்க அருமை. பஞ்சாங்கத்தில் ஒரு தடவைக்கு நாலு எழுத்துத்தான் தெரியும். வாங்கினால் குவளையின் பக்கத்தில் காற்றோட்ட ஓட்டை உள்ளதை எடுங்கள், இல்லையேல் மூச்சு விடுவதற்குள் புகைந்துவிடும். நீண்ட நேரம் வேலை செய்பவர்கள் தலையைச் சுற்றி மெல்லிய வில்லுக் கம்பி போட்டுக்கொள்வார்கள், தசையை நம்புவதில்லை.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மற்றக் கண்ணில் பார்வை இல்லாதவர்கள் "ஒரு கண்ணுக்குத்தானே தேவை" என்று இதை விரும்புவதுண்டு. அவர்களுக்கு இது முற்றிலும் தவறு. இருக்கிற ஒரே கண்ணைக் காக்க, அடிபட்டாலும் இலகுவில் உடையாத பொலிகார்பனேற் வில்லை போட்ட முழு பிறேம்தான் வேண்டும். கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்கள், வைத்தியர் விடை கொடுக்கும்வரை கண்ணைச் சுற்றி எதையும் அழுத்தக் கூடாது. வாகனம் ஓட்டும்போது கண்ணில் வைப்பது ஆபத்து, வாசிப்பு வில்லைக்கு அப்பால் வீதி முழுவதும் மங்கல். ஒரே இருப்பில் நாவல் வாசிக்கிறவருக்கும் இது சரிவராது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மூக்குக்கண்ணாடியே மேல்.

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: கண் பரிசோதனைத் துண்டு (ஆறு மாதத்துக்கு உட்பட்டது நல்லது), வளையம், உங்கள் அளவு மட்டை வட்டம், வாசிப்புத் தூரம் சென்ரிமீற்றரில். வெட்டிய வில்லையை வாங்கும்போது வளையத்தில் போட்டு, திருகாணியை இறுக்கி, காதருகே ஆட்டிப் பாருங்கள். கிலுகிலு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.